சாம்பலின் குழாயடி

அன்புள்ள அக்கா,

நீ போன இடத்தில் சுகமாகத்தான் இருப்பாய். அங்கே உனக்கு யாரும் தண்ணீரை அளந்து ஊற்ற மாட்டார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பாதி நிம்மதி. எங்கள் சுகத்தை நீ கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும். உன் முதல் கேள்வி சாம்பலைப் பற்றித்தான் இருக்கும். சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். என் நாற்காலியில் ஏறித் தூங்குகிறாள், நான் நிற்கிறேன். தண்ணீர் குடிக்கிறாளா என்று அடுத்துக் கேட்பாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நாலு பேர் படிக்கப்போகிற கடிதம் என்பதால் உன்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் அக்காவின் பெயர் ஸ்டெல்லா. லூனாஸ் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து, வந்து போன தலைமையாசிரியர் அத்தனை பேரையும் ஆட்டி வைத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இன்னொரு ஆளோட சட்டையத் தோய்க்க எனக்குப் பொறுமை இல்லலா" என்பாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, சுங்கைப் பட்டாணி பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் இரண்டு பெட்டி, ஒரு கூடை. கூடைக்குள் ஒரு நடுவயதுப் பூனை.

சாம்பல் நிறம் என்பதால் நீ அவளுக்குச் சாம்பல் என்று பெயர் வைத்திருந்தாய். பூனை டாக்டரின் கிளினிக்கில் பெயர் எழுதிய மலாய்ப் பெண்ணுக்கு அது எப்படிக் காதில் விழுந்ததோ, அட்டையில் 'சம்பல்' என்று எழுதிவிட்டாள். அன்று முதல் உன் மகள் அங்கே நாசி லெமாக் சோற்றோடு வைக்கிற மிளகாய்ச் சம்பல்தான். உள்ளேயிருந்து "சம்பல்!" என்று கூப்பிடும்போதெல்லாம் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நீ மட்டும் சிரிக்காமல், ஏதோ பட்டமளிப்பு விழாவில் கூப்பிட்டதுபோல எழுந்து போவாய்.

நீ வந்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பானை. அதன் மேல் ஒரு பூ. பூவின் நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வழிந்து, திரும்பவும் பானைக்குள்ளேயே இறங்குகிறது. அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பம்ப். தேங்கிய தண்ணீரைப் பூனைகள் அவ்வளவாக விரும்பாதாம், ஓடுகிற தண்ணீர் என்றால் போய்ப் போய்க் குடிக்குமாம்.

"பூனைக்குத் தண்ணி வைக்க ஒரு மங்கு பத்தாதா? இவ என்னா மகாராணியா?" என்று கேட்டேன்.

"ஆமா, என் மக மகாராணிதான். உனக்கு எங்க எரியுது?" என்றாய்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பத்து வீட்டுக்கு ஒரு குழாய் இருந்ததே, அந்தப் பெயரையே இதற்கும் வைத்தாய். குழாயடி. "மகளே, குழாயடிக்குப் போயிட்டு வா" என்பாய், அவளும் ஏதோ குடத்தை இடுப்பில் வைத்திருக்கிறவள்போல அசைந்து அசைந்து போவாள். உன் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக அது நாள் முழுக்கச் சலசலத்துக்கொண்டிருந்தது.

உனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். போத்தலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பாய், காலை இதுவரை, மத்தியானம் இதுவரை என்று. நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாய். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து, நான் காடி ஓட்ட, வீட்டுக்கு வரும்போது நீயாகவே சொன்னாய்: "அவ குடிக்கிறதப் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்கும் தாகம் கொஞ்சம் அடங்குது பிலிப்பு." நான் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். அதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா?

தவக்காலத்தில் நீ போய்விட்டாய். கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் அறையின் கதவைச் சாத்தியது. அடுத்தது, குழாயடியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் ஆம்பளை ஏதாவது தூக்கிக்கொண்டு நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவேன், அவ்வளவுதான். ஓடுகிற தண்ணீர்தானே, ஓடுகிற தண்ணீரில் ஏது அழுக்கு என்பது என் கொள்கை. கூலிம் ஃபெக்டரியில் ஆளுயரப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஒவ்வொன்றிலும் எப்போது கழுவினோம், அடுத்து எப்போது கழுவ வேண்டும் என்று தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள் பிந்தினால் என் கீழே இருக்கிறவர்கள் காது கிழியும். அப்படிப்பட்டவன் வீட்டில் தீப்பெட்டிப் பம்பை மறந்துவிட்டேன். ஊருக்கு உபதேசம் என்று நீ சொல்வது கேட்கிறது, சொல்லு, சொல்லு.

விமலாதான் முதலில் கவனித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதைச் சாய்த்தாள்.

"என்னங்க, அண்ணியோட குழாயடி முனகுது."

திறந்தேன். பானையின் உள்பக்கம் விரல் வைத்தால் வழுக்கியது. ஆறிப்போன கஞ்சியில் கட்டுமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய ஆடை, ஓரங்களில் ரோஸ் நிறமாக. ஃபில்டர் கறுத்துப்போயிருந்தது. பம்புக்குள் இருந்த முடியைச் சேர்த்தால் இன்னொரு குட்டிப் பூனை செய்திருக்கலாம்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றேன்.

"ஆனையா இருந்தா ஒரு தடவையாச்சும் தொறந்து பார்த்திருக்கும்" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. நீ இருந்தபோது நீங்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பேசினீர்கள். இப்போது உன் பங்கையும் அவளே பேசுகிறாள்.

அப்புறம்தான் சாம்பலைத் தூக்கிப் பார்த்தேன். கை நிறைய இருந்தவள் லேசாகிப்போயிருந்தாள். இத்தனை நாளும் அவள் அந்த வழவழத் தண்ணீரைச் சரியாகக் குடிக்கவே இல்லை, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கே கூடையில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன்.

கவுன்டரில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாளே, கண்ணாடி போட்டவள், உன்னிடம் மட்டும் நாற்காலியைத் துடைத்துக் கொடுப்பவள். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அங்கிள், ஸ்டெல்லா ஆன்ட்டி வரலையா?"

"வர முடியல மா" என்றேன். பொய் இல்லைதானே? ஆனால் பொய்யைவிட மோசமாக இருந்தது.

இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா மெதுவாகச் சொன்னார். சிறுநீரகம் பலவீனமாகத் தொடங்கியிருக்கிறது, இன்னும் மோசமாகவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதுதான் மருந்து. ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் இரத்தம் பார்ப்போம், எண் ஏறியிருந்தால் தினமும் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டிவரும் என்றார். எனக்கு 'கிட்னி' என்ற சொல்லுக்கு அப்புறம் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

காடியில் ஏறிச் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் கூடை, கூடைக்குள் அவள். அது நீ உட்காரும் இருக்கை. உன்னைத்தான் காப்பாற்ற முடியவில்லை, ஒரு பானையைக் கழுவத் தெரியாமல் உன் மகளையும் விட்டுவிடப் போகிறேனா? எனக்குப் பயமாக இருந்தது அக்கா. உன் நோயில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை, ஏனென்றால் அப்போது பயப்படாமல் இருக்க நீ கூட இருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் விமலா குளிர்பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினாள். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது, ஏதோ கோயில் நவநாள் அறிவிப்பு என்று நினைத்திருந்தேன். உன் குண்டுக் குண்டு எழுத்து. மேலே 'குழாயடி பராமரிப்பு' என்று தலைப்பு, கீழே இரட்டைக் கோடு. பள்ளி ரப்பர் முத்திரை ஒன்றுதான் குறை.

விமலாவுக்கு எழுதியிருந்தாய். முதல் வரியே 'பிலிப்பைத் தொட விட வேண்டாம்'. நல்லது. வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சோப்பு ஒரு சொட்டுக்கு மேல் கூடாது, வாசனை போகும்வரை அலச வேண்டும். பம்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே குட்டிக் காற்றாடி ஒன்று இருக்கும், அதையும் வெளியே எடுத்து முடியைச் சுத்தம் செய்ய வேண்டும். புது ஃபில்டரை ஊறவைத்து அலசாமல் போட்டால் கரித்தூள் வரும். தண்ணீர் குறைய விட்டால் பம்ப் எரிந்துபோகும். நடுவில் ஒரு வரி: 'மாதம் ஒரு தடவை சுக்' என்று தொடங்கி, அடுத்த எழுத்தின் மேல் மீன்குழம்புச் சொட்டு ஒன்று விழுந்து காய்ந்திருந்தது. அதற்கப்புறம் 'தண்ணியில் அரை மணி நேரம் ஊற வைக்கவும்'.

சுக், தண்ணி. யாருக்குத்தான் சந்தேகம் வரும், நீயே சொல். சளி பிடித்தால் சுக்குத் தண்ணி, வயிறு உப்பினால் சுக்குத் தண்ணி, பரீட்சையில் தோற்ற பிள்ளை பள்ளி அலுவலகத்தில் அழுதால் அதற்கும் சுக்குத் தண்ணி கொடுத்தவள் நீ. பம்புக்கும் கொடுத்திருப்பாய் என்று நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விமலா பூசைக்குப் போனாள், பாடற்குழுவில் இருப்பதால் வர நேரமாகும். நான் முந்தின நாள் மாலைப் பூசையே பார்த்துவிட்டேன். சுக்கை எடுத்து நன்றாக இடித்து, கொதிக்க வைத்து, ஆற வைத்து, பானை பம்ப் பூ எல்லாவற்றையும் அதில் முக்கினேன். அரை மணி நேரம் கடிகாரம் பார்த்தேன். அப்புறம் ஒரு தடவை அலசிவிட்டு, சுக்கு நல்லதுதானே, கொஞ்சம் ஒட்டியிருந்தால் என்ன என்று தண்ணீர் நிரப்பிப் போட்டேன்.

சாம்பல் வந்தாள். மூக்கை நீட்டினாள். வரிசையாக ஏழு தும்மல் தும்மினாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். சுக்கு கண்ட பூனை குழாயடிப் பக்கமே திரும்பவில்லை. விமலா மீனை வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு குழைத்துக் கொடுத்துக்கொடுத்து ஒப்பேற்றினாள். நான் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தேன். டாக்டர் சொன்ன ஒரு மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு காக் ரோஸை மறந்திருக்க மாட்டாய். ஐந்து பூனை வளர்ப்பவர், உன்னைவிட மூத்தவர், நீயும் அவரை 'காக்', அதாவது அக்கா என்றே கூப்பிடுவாய். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது வேலிக்கு மேலாக மூக்கை நீட்டினார். நேற்றிலிருந்து உங்கள் வீட்டில் ஒரே ஹலியா வாசனை, யாருக்குக் காய்ச்சல் என்று மலாயில் கேட்டார். ஹலியா என்றால் இஞ்சி. யாருக்கும் காய்ச்சல் இல்லை, பூனையின் பம்பைக் கழுவினேன் என்றேன்.

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார். "ஹலியா புக்கான், பிலிப்! சுக்கா! சுக்கா!"

இஞ்சி இல்லை, சுக்கா. வினிகருக்கு நம் வீட்டிலும் அந்த மலாய்ப் பெயர்தானே. உப்புப் படிந்த பம்பை ஊறவைக்க நீ மாதா மாதம் அவரிடம்தான் அரை கப் சுக்கா வாங்கிப் போவாயாம். நான் வாங்கி வைக்க மாட்டேன், காடி துடைக்கும் திரவம் மட்டும் நாலு போத்தல் வாங்குவேன் என்று என்னைப் பற்றி அவரிடம் வேறு சொல்லியிருக்கிறாய். தமிழில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத காக் ரோஸ், தமிழ்ப்பள்ளிக் கிராணி எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். அந்த ஒரு 'கா'வைக் குழம்பு மறைத்ததற்கு நான் எத்தனை சுக்கு இடித்தேன்!

அன்று மாலையே காக் ரோஸின் சுக்கா போத்தலோடு உட்கார்ந்தேன். இந்த முறை ஃபெக்டரியில் செய்வதுபோலவே செய்தேன். பழைய துணியை விரித்து, கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையில் வைத்தேன். சுக்காவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். குட்டிக் காற்றாடியை இழுத்தபோது சுக்குத்தூள் சந்தனம்போல அப்பியிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்தேன். அது உட்காரும் குழியைப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். புது ஃபில்டர், ஊறவைத்து அலசியது. அலசி அலசி முகர்ந்தேன், விமலாவையும் முகரச் சொன்னேன், வேலி வழியாகக் காக் ரோஸையும் முகரச் சொன்னேன். மூன்று மூக்கும் சரி என்றன. போட்டால் சத்தமே இல்லை, தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் மட்டும்.

நாலாவது மூக்கு வரவே இல்லை.

கூப்பிட்டேன், கொஞ்சினேன். உன் குரலில்கூடப் பேசிப் பார்த்தேன், "மகளே, குழாயடிக்குப் போயிட்டு வா" என்று. எழுந்து வேறு பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள், வேலை முடிந்து வந்ததும், ஒரு முடிவுக்கு வந்தேன். சுத்தமாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டாள், காட்டிவிடுவோம். சமையலறைத் தரையில் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நாக்கை நீட்டி அந்தப் பூவிலிருந்து தண்ணீர் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. "பாரு, மாமா குடிக்கிறேன், பாரு" என்று சொல்லி இன்னும் இரண்டு வாய் குடித்தேன்.

பின்னால் பை விழும் சத்தம். விமலா பாசாரிலிருந்து வந்துவிட்டாள். கத்தரிக்காய் தரையெல்லாம் உருண்டது. அவளுக்குச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் அடக்கத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டேன். நானும் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், மீசையெல்லாம் தண்ணீர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள், "ஏங்க, அவ குழாயடிய இங்க கொண்டாந்து வச்சது யாரு?"

"நான்தான்."

"ஏன்?"

துக்க வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. நான் மீசையைத் துடைத்தேன். அவள் உருண்ட கத்தரிக்காய்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

உனக்குச் சொல்கிறேன். அந்தச் சத்தத்துக்காகத்தான். உன்னைப் புதைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், உன் அறையிலிருந்து தண்ணீர் சலசலக்கிறது. நீ ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். எட்டிப் பார்த்தால் கட்டில் காலி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை அக்கா. கதவைச் சாத்தினேன், சத்தத்தைத் தூக்கிச் சமையலறையில் வைத்தேன். அங்கே என்றால் அது வெறும் பம்ப் சத்தம்தானே. எனக்குத் துக்கம் தாங்கவில்லை என்று, பாவம், அந்த வாயில்லாப் பிறவியின் தண்ணீரை இடம் மாற்றிவிட்டேன்.

எழுந்தேன். குழாயடியை ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கினேன். விமலா முன்னே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அறை புழுங்கிப்போயிருந்தது. ஜன்னலைத் திறந்தேன், மாலை வெயில் உன் கட்டில்வரை வந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, தரையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்த அதே இடத்தில் வைத்துச் சொருகியைப் போட்டேன். சலசலத்தது. நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. சாம்பல் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு சுற்று, ஜன்னலுக்குக் கீழே ஒரு சுற்று. உன்னைத்தான் தேடினாள், மறைத்து என்ன ஆகப்போகிறது. பின்பு குழாயடிக்குப் போனாள், முகர்ந்தாள், தும்மவில்லை. குனிந்து குடிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. அந்தச் சின்ன நாக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். நீ அன்று காடியில் சொன்னாயே, அவள் குடிப்பதைப் பார்த்தால் தாகம் அடங்குகிறது என்று, அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுதேன். நன்றாகவே அழுதேன். விமலா கதவருகே நின்று பார்த்துவிட்டு, கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் உன் அறைக் கதவு சாத்தப்படவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குழாயடி கழுவுவது என் வேலை, 'பிலிப்பைத் தொட விட வேண்டாம்' என்ற வரியை விமலாவே பேனாவால் அடித்துவிட்டாள். ஃபெக்டரியில் ஒட்டுவதுபோல அதன் அடியில் தேதி எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் மாலையில் உன் அறையில் உட்கார்ந்துதான் தேநீர் குடிக்கிறேன். அவள் ஒரு வாய், நான் ஒரு வாய்.

நேற்றுதான் டாக்டர் சொன்ன ஒரு மாதம். சனிக்கிழமை என்பதால் கிளினிக்கில் ஒரே கூட்டம். "சம்பல்!" என்று கூப்பிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள், நான் எழுந்து போனேன். மேசையில் நிற்க அவள் அடம் பிடித்ததால், டாக்டர் அம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி அவளை என் மடியில் வைக்கச் சொன்னார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். ஊசி குத்தியதும் வீல் என்று கத்தினாள். "ஒன்னும் இல்லடா, முடிஞ்சுருச்சு, முடிஞ்சுருச்சு" என்று என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. எண் ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ட்ரிப் வேண்டாம். என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள் என்றார் டாக்டர். குழாயடி கழுவுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, மலாயில் குழாயடிக்கு என்ன என்று தெரியாமல் சிரித்து வைத்தேன்.

வெளியே வந்தேன். கவுன்டரில் கண்ணாடி போட்ட பிள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி நம்பருக்கு அடிச்சா எடுக்கவே மாட்றாங்க. அடுத்த தடவையாச்சும் வரச் சொல்லுங்க, பார்த்து ரொம்ப நாளாச்சு."

இந்த முறை அவளைச் சுற்றி வளைக்கவில்லை. "ஆன்ட்டி தவறிட்டாங்க மா" என்றேன். "போன தடவையே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். அட்டையில் உன் பெயருக்கு மேல் பேனாவை வைத்தவள், அடிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேர் மாத்தணும் அங்கிள். யார் பேர் போடறது? நீங்க பூனைக்கு..." என்று இழுத்தாள். எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓனர் என்று சொல்லலாம். அக்காவின் பூனை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம், இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடைக்குள்ளிருந்து உன் மகள் என் விரலை நக்கினாள். என் மடியில் அவள் கத்திய சூடு இன்னும் சட்டையில் இருந்தது. காது குத்தும்போது பிள்ளையை யார் மடியில் வைப்பார்கள், அக்கா?

"அவங்க பேர அடிக்காதம்மா. அது அம்மா பேரு, இருக்கட்டும்" என்றேன். "கீழ என் பேர எழுது. பிலிப். தாய்மாமன்."

அவள் அப்படியே எழுதினாள். ஆங்கில எழுத்தில், தாய்மாமன் என்று. பக்கத்திலிருந்த மலாய்ப் பெண் எட்டிப் பார்த்து, அது என்ன சொல் என்று கேட்டாள். கண்ணாடிக்காரப் பிள்ளை ஏதோ விளக்கத் தொடங்கினாள். நான் நிற்கவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் இருக்கும்வரை ஒரு ஞாயிறும் தவறாது. தண்ணீர் வழவழக்காது, பம்ப் முனகாது, உன் அறைக் கதவு மூடாது. அவளுக்கு ஒருநாளும் யாரும் அளந்து ஊற்ற மாட்டார்கள். நீ கவலைப்படாமல் அங்கே வயிறு நிறையத் தண்ணீர் குடி, அக்கா. இங்கே உன் பிள்ளைக்கு மாமன் இருக்கிறேன்.

உன் கூடப் பிறந்தவன்,
பிலிப்பு